4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க்: ஸ்வாப்பை வைக்கிறதா, எடுக்கிறதா?

பெகு_அச்சகம்

சயாமார்களே (ஆசான்மார்களே), ஒரு மேசைக் கணினி. 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் (7200 சுற்று), லினக்ஸ் மின்ட் 22. நிறுவும்போது அதுவே போட்டுக்கொண்ட 2 ஜிபி ஸ்வாப் கோப்பு (ரேம் பத்தாதப்ப டிஸ்க்குல கடன் வாங்குற இடம்) இருக்கு. வேலை என்னன்னா திருவிழா நோட்டீஸ்: கிம்ப் பட நிரலில் ஏ3 அளவு, 300 டிபிஐ, எட்டு லேயர். கூடவே லிப்ரே ஆபிஸில் உபயக்காரர் பட்டியல், ஃபயர்ஃபாக்ஸில் ஆறேழு தாவல். முக்கால் மணி நேரத்தில் மவுஸ் அம்பு அப்படியே ஒட்டிக்குது, டிஸ்க் விளக்கு அணையாம எரியுது. பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறதைத் தவிர வேற வழி தெரியல.

இரண்டு கேள்வி. ஒன்று, ஸ்வாப்பை எடுத்துட்டா இது தீருமா? இரண்டு, கரண்ட் போனதும் யூபிஎஸ்ஸில் இருக்கும்போதே ஹைபர்னேட் ஆகி (ரேம்ல இருக்கிறதை டிஸ்க்குல எழுதிட்டு அணைஞ்சு), வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரணும். அதுக்கு ஸ்வாப் எவ்வளவு வேணும்?

தட்டோன்_தம்பி

அண்ணே, ஸ்வாப்பை அணைக்க ஸ்வாப்ஆஃப் -ஏ கட்டளை கொடுங்க, எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது ஏத்த வேண்டியதோட பட்டியல்) ஸ்வாப் வரிக்கு முன்னால ஒரு # போடுங்க, தீர்ந்தது. டிஸ்க்குக்கு எழுதவே இடமில்லைன்னா விளக்கு எப்படி எரியும்? ரேம் பத்தலைன்னா கெர்னலே (லினக்ஸோட மையப் பகுதி) எதையாவது கொன்னுட்டுப் போகும்.

மோல்மேன்_சயா

தம்பி, விளக்கு அப்பவும் எரியும். இன்னும் மோசமா எரியும். ஏன்னு சொல்றேன்.

ரேமை கெர்னல் 4 கேபி பக்கங்களாகத்தான் பார்க்கும். அந்தப் பக்கங்களில் இரண்டு சாதி. ஒன்று கோப்புப் பக்கம்: ஃபயர்ஃபாக்ஸின் நிரல், நூலகங்கள், திறந்து வைத்த கோப்புகள். இவற்றின் அசல் டிஸ்க்கில் ஏற்கெனவே கிடப்பதால், மாற்றம் இல்லாத பக்கத்தை கெர்னல் சும்மா தூக்கிப் போட்டுவிடலாம், வேண்டும்போது மறுபடி படிக்கலாம். இன்னொன்று அனானிமஸ் பக்கம்: நிரல் ஓடும்போது தானே கேட்டு வாங்கிய நினைவகம். கிம்ப்பின் லேயர், தாவலுக்குள் இருக்கும் தரவு எல்லாம் இதுதான். இதற்கு டிஸ்க்கில் சொந்த வீடு கிடையாது. ஸ்வாப்தான் அதன் ஒரே வீடு.

ஸ்வாப்பை எடுத்தால் அனானிமஸ் பக்கம் அத்தனையும் ரேமில் ஆணி அடித்த மாதிரி. காலையில் திறந்து மறந்துபோன தாவலும் நகராது. அப்போது கெர்னலுக்குத் தூக்கிப் போட மிஞ்சுவது கோப்புப் பக்கம் மட்டும், அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் சொந்த வரிகள். ஒரு வரி ஓடும், அடுத்த வரி இருந்த பக்கம் போயிருக்கும், டிஸ்க்கிலிருந்து படிக்கும், அதற்குள் முந்தின பக்கம் போயிருக்கும். மவுஸ் அம்பு ஒட்டிக்கொள்வது இதனால்தான். இந்த நிலையிலும் கெர்னல் கணக்குப்படி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பக்கம் கிடைத்துக்கொண்டே இருப்பதால், நினைவகம் தீர்ந்தது என்று அது ஒப்புக்கொள்ளாது. நீங்கள் நம்பியிருக்கும் ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் நிரலைக் கொல்லும் கெர்னல் பகுதி) வர அரை மணி நேரம்கூட ஆகலாம்.

இந்த ஆட்டத்துக்கு த்ராஷிங் என்று பெயர். 1968இலேயே பீட்டர் டென்னிங் இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்: ஒரு நிரல் அந்தந்த நேரத்தில் தொடர்ந்து தொடும் பக்கங்களின் கூட்டம், அதாவது வொர்க்கிங் செட், ரேமுக்குள் அடங்கினால் மீதி எங்கே கிடந்தாலும் கவலையில்லை. அடங்காவிட்டால் ஸ்வாப் 2 ஜிபியா 20 ஜிபியா என்பதற்கு அர்த்தமே இல்லை. ஆக, பெகுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது ஸ்வாப் அளவை அல்ல, வொர்க்கிங் செட்டை.

பசுண்டான்

சயா சொன்னதுக்கு எண்ணைப் போட்டுப் பார்ப்போம். ஹார்ட் டிஸ்க்கில் தலை அங்கேயும் இங்கேயும் ஓடிப் படிச்சா விநாடிக்கு நூறு தடவைதான். 1 ஜிபிங்கிறது 2,62,144 பக்கம். ஒவ்வொண்ணா எடுத்தா 2,621 விநாடி, கிட்டத்தட்ட 44 நிமிஷம். கெர்னல் ஒரு தடவைக்கு எட்டு பக்கம் சேர்த்து எடுக்கும் (பேஜ்-கிளஸ்டர் 3, அதாவது 2இன் 3ஆம் அடுக்கு). எட்டும் உபயோகமானாகூட ஐந்தரை நிமிஷம். சாட்டா எஸ்எஸ்டியில் அதே வேலை அரை நிமிஷத்துக்குள்ள. ரேமுக்குள்ளேயே சுருக்கி வைச்சிருந்தா ஓரிரு விநாடி.

இப்ப கிம்ப். ஏ3, 300 டிபிஐன்னா 3508 × 4961 பிக்சல், 1 கோடியே 74 லட்சம். 8 பிட் ஆல்ஃபாவோட ஒரு பிக்சலுக்கு 4 பைட், லேயருக்கு 70 எம்பி. எட்டு லேயர் 560 எம்பி, மேல அன்டூ வரலாறு தனி. ஆனா பிரிசிஷன் 32 பிட் ஃப்ளோட்டுக்கு மாறியிருந்தா ஒரு பிக்சலுக்கு 16 பைட், லேயருக்கு 278 எம்பி, எட்டுக்கு 2.2 ஜிபி. படம் மெனுவில் பிரிசிஷன்ல என்ன இருக்குன்னு பாருங்க. நோட்டீஸுக்கு 8 பிட் தாராளம்.

இன்னொண்ணு. கிம்ப்புக்குத் தனியா ஒரு ஸ்வாப் உண்டு, பலர் கவனிக்கிறதில்லை. ப்ரிஃபரன்ஸ்ல டைல் கேஷ் (படத்தைத் துண்டு துண்டா வைக்கிற இடம்) அளவு இருக்கும். அந்த அளவு வரைக்கும் ரேம்ல வைக்கும், தாண்டினா தன் சொந்த ஸ்வாப் கோப்புல எழுதும். டைல் கேஷை 4 ஜிபி ரேம்ல 3 ஜிபின்னு வைச்சா, "ரேம்ல இருக்கு"ன்னு கிம்ப் நினைச்சிட்டிருக்கிற டைலை கெர்னல் பின்பக்கமா ஸ்வாப்புக்குத் தள்ளும். இரண்டு பேரும் ஒரே டிஸ்க்கைத் தேய்ப்பாங்க. 1 ஜிபி, அதிகம் போனா ஒன்றேகால் வைங்க. அன்டூவுக்கும் அங்கேயே வரம்பு இருக்கு, 128 எம்பி போதும்.

செய்யறதுக்கு முன்னால, தொங்க ஆரம்பிக்கும்போது ஒரு டெர்மினல்ல விஎம்ஸ்டாட் 5 ஓட விட்டு எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து உள்ளே வர்றது), எஸ்ஓ (ஸ்வாப்புக்கு வெளியே போறது), டபிள்யூஏ (டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது) மூணு நெடுவரிசையையும் இங்கே போடுங்க. ஃப்ரீ -எம் சொல்றதையும்.

பெகு_அச்சகம்

பிரிசிஷன் 32 பிட் ஃப்ளோட்லதான் இருந்தது! யார் மாத்தினாங்களோ. மாத்துறதுக்கு முன்னால எடுத்தது: எஸ்ஐ 800லிருந்து 1100, எஸ்ஓ 2000க்கு மேல, டபிள்யூஏ 85. ஃப்ரீயில் ஃப்ரீ 96, அவைலபிள் 190, ஸ்வாப் 2047இல் 1740 போயிருச்சு. 8 பிட் ஆக்கி டைல் கேஷை 1 ஜிபி ஆக்கின பிறகு எஸ்ஐ பெரும்பாலும் 0, எப்பவாவது 40, 60. ஆனா ஸ்வாப் இன்னும் 700 எம்பி உபயோகத்திலேயே காட்டுது. அதை எப்படிக் காலி பண்றது?

மோல்மேன்_சயா

காலி செய்ய வேண்டாம். அந்த 700 எம்பியை யாரும் திரும்பக் கேட்கவில்லை, எஸ்ஐ 0 என்பதன் பொருள் அதுதான். அது அங்கே தூங்குவதால்தான் ரேமில் 700 எம்பி கோப்புக் கேஷுக்குக் கிடைத்திருக்கிறது. ஸ்வாப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது நோயின் அறிகுறி அல்ல. உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே சமயத்தில் நிற்காமல் ஓடினால்தான் நோய். ஃப்ரீ என்ற எண்ணையும் பார்க்காதீர்கள், நிரல்களுக்குக் கொடுக்கக்கூடியதைச் சொல்லும் அவைலபிளைப் பாருங்கள்.

ஸ்வாப்ஆஃப் கொடுத்துக் காலி செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் கட்டளை ஸ்வாப்பில் இருப்பதையெல்லாம் ரேமுக்கு இழுக்கும். 1740 எம்பி ஸ்வாப்பில், 190 எம்பி கையிருப்பு என்ற நிலையில் கொடுத்தால் ஒன்று அது தோற்று நிற்கும், அல்லது ஓஓஎம் கில்லர் வந்து பெரிய ஆளாகப் பார்த்துத் தீர்க்கும். பெரிய ஆள் பெரும்பாலும் சேமிக்காத கிம்ப்தான்.

தட்டோன்_தம்பி

சரி சயா, எடுக்க வேண்டாம்னே வைச்சுக்குவோம். அப்ப ஸ்வாப்பினெஸ்ஸை 10 ஆக்கினா போதாதா? எல்லா இடத்திலும் அதைத்தான் எழுதுறாங்க.

மோல்மேன்_சயா

எழுதுகிறார்கள், ஏன் என்று எழுதுவதில்லை. ஸ்வாப்பினெஸ் என்பது "ரேம் இத்தனை சதவீதம் நிரம்பினால் ஸ்வாப் செய்" என்ற எண் அல்ல. நினைவகத்தை விடுவிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டால், அனானிமஸ் பக்கத்தில் கை வைப்பதா, கோப்புப் பக்கத்திலா என்ற தராசின் முள் அது. எப்போது விடுவிப்பது என்பதை வாட்டர்மார்க் (காலி நினைவகத்தின் அளவுக் கோடுகள்) தீர்மானிக்கும்: லோ கோட்டைத் தொட்டால் பின்னணியில் நினைவகத்தை விடுவிக்கும் கேஸ்வாப்டி எழும், ஹை கோட்டுக்கு ஏறியதும் தூங்கும். மின் கோட்டுக்கும் கீழே போய்விட்டால் நினைவகம் கேட்ட நிரலே நின்று இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இயல்பு மதிப்பு 60. முன்பு 100 வரை, கெர்னல் 5.8 முதல் 200 வரை. 100 என்றால் ஸ்வாப்பிலிருந்து படிக்கும் செலவும் கோப்பிலிருந்து படிக்கும் செலவும் சமம் என்று சொல்வதாக அர்த்தம். ஸ்வாப்பும் கோப்பும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் என்றால் 60 நியாயமான எண். 10க்கு இறக்கினால் ஸ்வாப் இல்லாத கணினிக்கு என்ன நடக்கும் என்று மேலே சொன்னேனோ அதன் சின்னத் தம்பி நடக்கும். ஸ்வாப் ரேமுக்குள்ளேயே சுருங்கிக் கிடந்தால் 100க்கு மேலே போவதுதான் சரி.

பசுண்டான்

அங்கேதான் நானும் வர்றேன். இந்தக் கணினிக்கு ஸீராம் போடலாம். ரேம்லயே ஒரு பொய் டிஸ்க், உள்ளே போறதைச் சுருக்கி வைக்கும். மூணுக்கு ஒண்ணு சுருங்கினா 4 ஜிபி சரக்கு 1.33 ஜிபியில் அடங்கும். ஃபெடோரா 2020இல் 33ஆம் பதிப்பிலிருந்து இதைத்தான் இயல்பாவே போடுது, ஆண்ட்ராய்டு ஃபோன் பெரும்பாலானதிலும் இதுதான் ஓடுது. பேஜ்-கிளஸ்டரை மட்டும் 0 ஆக்கிடணும், ரேம்லருந்து எடுக்க எட்டு எட்டா அள்ள வேண்டியதில்லை.

மோல்மேன்_சயா

ஸீராம் நல்ல சாமான்தான், இவருக்கு மட்டும் வேண்டாம். இரண்டு காரணம். முதலாவது, அவருக்கு ஹைபர்னேட் வேண்டும். கரண்ட் போனால் ரேமே போகும், ரேமுக்குள் இருக்கும் ஸ்வாப்பில் எதைச் சேமிப்பது? ஆகவே டிஸ்க் ஸ்வாப் எப்படியும் வேண்டும். இரண்டாவது, ஸீராமும் டிஸ்க் ஸ்வாப்பும் சேர்ந்திருந்தால் ஸீராமுக்கு முன்னுரிமை அதிகம் கொடுப்போம். முதலில் போய் உட்காருவது நாள் முழுக்கத் தொடாத பழைய பக்கம். அது ஸீராமை அடைத்துக்கொள்ளும். பிறகு வருகிற, அடிக்கடி தேவைப்படும் பக்கங்கள் மெதுவான டிஸ்க்குக்குப் போகும். முற்றிலும் தலைகீழ்.

இவருக்கு ஏற்றது ஸீஸ்வாப். அது தனி டிஸ்க் அல்ல, டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் நிற்கும் சுருக்கிய திண்ணை. வெளியே போகும் பக்கம் முதலில் திண்ணையில் உட்காரும், திண்ணை நிரம்பினால் நெடுநாள் தொடாதது டிஸ்க்குக்குப் போகும். இயல்பு அளவு ரேமில் 20 சதவீதம். 4 ஜிபிக்கு 800 எம்பி, மூன்றுக்கு ஒன்று சுருங்கினால் 2.4 ஜிபி சரக்கு. ஒரு விஷயம்: ஏற்கெனவே சுருங்கிய படம், வீடியோ இவை மேலும் சுருங்காது. கிம்ப்பின் லேயர் சுருங்காத பிக்சலாகத்தான் ரேமில் கிடக்கும், வெள்ளைப் பின்னணி நோட்டீஸ் என்றால் நன்றாகவே சுருங்கும். இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள், சுருக்கியதையே இன்னொரு தடவை சுருக்கும் வீண் வேலை.

செய்முறை. எல்லா நிரலையும் மூடுங்கள். பழைய ஸ்வாப் கோப்பை ஸ்வாப்ஆஃப் செய்து நீக்குங்கள். எஃப்அலொகேட் கொண்டு 6 ஜிபி கோப்பு ஒன்று (இஎக்ஸ்டி4இல் இது போதும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் காப்பி-ஆன்-ரைட்டை அணைக்காமல் ஸ்வாப் கோப்பு எழாது). சிஎச்மாட் 600 கட்டாயம், இல்லாவிட்டால் அதே கணினியில் உள்ள வேறொருவர் உங்கள் நினைவகத்தைப் படிக்க வழி. எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், எஃப்எஸ்டேப்பில் வரி. பிறகு கிரப் (கெர்னலைக் கிளப்பும் பூட் நிரல்) கட்டளை வரியில் ஸீஸ்வாப் எனேபிள்ட் 1, ஸீபூல் (சுருக்கியதை அடுக்கும் முறை) ஸீஸ்மாலாக், அப்டேட்-கிரப். பழைய கெர்னல்களில் ஸீபட் என்ற இன்னொரு பூல் உண்டு, அது ஒரு பக்க இடத்தில் இரண்டுக்கு மேல் வைக்காது, அதனால் இரண்டுக்கு ஒன்றைத் தாண்டாது. சுருக்கும் முறைக்கு எல்இசட்4 என்று எழுதிவிட்டு அந்த மாட்யூலை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) சேர்க்க மறந்தால், பூட் நேரத்தில் அது கிடைக்காமல் எல்இசட்ஓவுக்கே போய்விடும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) கட்டளையில் ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

கமாயுட்

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. மேலே சொன்னதை அப்படியே அங்கே கொண்டு போகாதீர்கள். லினக்ஸ் இருப்பதைவிட அதிகமாக நினைவகத்தை வாக்குக் கொடுக்கும், விண்டோஸ் கொடுக்காது. ரேமும் பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப்) சேர்ந்த தொகைதான் கமிட் வரம்பு. பேஜ்ஃபைலை அணைத்தால் டாஸ்க் மேனேஜரில் ரேம் காலியாகத் தெரியும்போதே "நினைவகம் போதவில்லை" என்று நிரல்கள் விழும். நீலத் திரை வந்தால் டம்ப் (நினைவகத்தின் பதிவு) எழுதவும் அந்தக் கோப்பு வேண்டும். கணினி நிர்வகிக்கட்டும் என்று விடுவதே மேல். விண்டோஸ் 10 முதல் ரேமிலேயே சுருக்கும் வசதி தானாக உண்டு, தனியாக எதுவும் போட வேண்டாம்.

பெகு_அச்சகம்

6 ஜிபி ஏன் சயா? ரேமுக்கு இரண்டு மடங்குன்னு 8 வைக்கச் சொல்வாங்களே.

மோல்மேன்_சயா

அந்த இரண்டு மடங்கு கணக்கு பழைய யூனிக்ஸ் காலத்துச் சொத்து. 4.3 பிஎஸ்டி மாதிரி அமைப்புகளில் நிரல் கேட்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்வாப்பில் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்க வேண்டும். ஸ்வாப் ரேமைவிடச் சிறிதாக இருந்தால் ரேமில் ஒரு பகுதியைத் தொடவே முடியாது. இப்போது அப்படியில்லை.

6 என்பது இப்படி வந்தது: ரேம் முழுவதும் போக 4, வழக்கமாக ஸ்வாப்பில் தூங்கும் சரக்குக்கு 2. கெர்னல் ஹைபர்னேட் படத்தை (டிஸ்க்கில் எழுதும் ரேமின் நகல்) ரேமில் ஐந்தில் இரண்டு பங்குக்கு, அதாவது 1.6 ஜிபிக்கு, குறைக்க முயலும். ஆனால் அது இலக்குதான், உறுதி அல்ல. பழைய 2 ஜிபியில் 1740 எம்பி நிரம்பியிருந்தபோது ஹைபர்னேட் கொடுத்திருந்தால், இடமில்லை என்று திரும்பி வந்திருக்கும். அதற்குள் யூபிஎஸ் தீர்ந்திருக்கும். 8 வைத்தாலும் தப்பில்லை, 500 ஜிபி டிஸ்க்கில் யார் கேட்கப் போகிறார்கள்.

பசுண்டான்

ஹைபர்னேட் பாகத்தை நான் சொல்றேன், ஸ்வாப் கோப்புல வைக்கும்போது ஒரு படி கூடுதல். கெர்னல் எழும் நேரத்துல கோப்பு முறைமை இன்னும் ஏறியிருக்காது, அதனால கோப்பு டிஸ்க்ல எந்த இடத்துல தொடங்குதுன்னு எண்ணாவே சொல்லணும். ஃபைல்ஃப்ராக் -வி கொடுத்தா முதல் வரியில ஃபிசிக்கல் ஆஃப்செட் வரும். ரெஸ்யூம்ல அந்தக் கோப்பு இருக்கிற பார்ட்டிஷனோட அடையாள எண்ணான யூயூஐடி (ஸ்வாப்போடது இல்லை), ரெஸ்யூம் ஆஃப்செட்ல அந்த எண். இரண்டையும் கிரப்புல போட்டு அப்டேட்-கிரப், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ். பிறகு டெக்ஸ்ட் எடிட்டர்ல ஏதாவது தட்டி வைச்சிட்டு சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட் கொடுத்துப் பாருங்க. யூபிஎஸ்ஸை நம்புறதுக்கு முன்னால மூணு தடவையாவது சோதிச்சிடணும்.

தவறுறது எங்கே எங்கேன்னா: நாளைக்கு ஸ்வாப் கோப்பை அழிச்சுப் புதுசு போட்டா ஆஃப்செட் மாறிடும், கிரப்புல பழைய எண் கிடக்கும், கணினி சாதாரணமா பூட் ஆகி, சேமிச்சதெல்லாம் போன மாதிரி நிற்கும். பயாஸ்ல செக்யூர் பூட் போட்டிருந்தா கெர்னல் ஹைபர்னேட்டையே மறுக்கும். ஒவ்வொரு பூட்டுக்கும் புதுச் சாவி போடுற மறையாக்க ஸ்வாப்லயும் நடக்காது. இரட்டை பூட் வைச்சிருந்தா, லினக்ஸ் தூங்கும்போது விண்டோஸைக் கிளப்பி இரண்டும் தொடுற பார்ட்டிஷன்ல எழுதவே கூடாது, திரும்பி வந்ததும் கோப்பு முறைமை சின்னாபின்னமாகும்.

நேரக் கணக்கு: 1.6 ஜிபியை விநாடிக்கு 100 எம்பின்னு எழுத 16 விநாடிதான். ஆனா அதுக்கு முன்னால ரேமை அந்த அளவுக்கு இளைக்க வைக்கணும், கிம்ப் திறந்திருந்தா அங்கேதான் இழுக்கும். இரண்டு, மூணு நிமிஷம் கையில வைச்சுக்கங்க. யூபிஎஸ் பேட்டரி பழசாகி மூணு நிமிஷமே தாங்காதுன்னா முதல்ல பேட்டரியை மாத்துங்க. யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ்னா நட் நிரலை வைச்சுத் தானாவே ஹைபர்னேட் ஆக வைக்கலாம். சதவீதத்தை நம்பிக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கரண்ட் போன அரை நிமிஷத்துல தொடங்கிடட்டும். அப்புறம், தெருவுல "மீ லா பீ"ன்னு (கரண்ட் வந்திருச்சு) சத்தம் கேட்ட உடனே பட்டனை அமுக்காதீங்க. வந்த கரண்ட் ஐந்து நிமிஷம் நிலைச்சு நிற்கட்டும். ரெஸ்யூம் ஓடும்போது மறுபடி போனா அந்தப் படம் கெட்டுப் போகலாம்.

தட்டோன்_தம்பி

ஒரு சந்தேகம். இவ்வளவும் செஞ்ச பிறகும் தொங்கினா? பவர் பட்டன்தானா?

மோல்மேன்_சயா

எர்லிஊம் நிறுவுங்கள். கையிருப்பு ரேமும் காலி ஸ்வாப்பும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே போனால், தொங்குவதற்கு முன்பே பெரிய நிரலை மூடச் சொல்லும். ஃபயர்ஃபாக்ஸை முதலில் பலி கொடு, கிம்ப்பைத் தொடாதே என்று --ப்ரிஃபர், --அவாய்ட் கொண்டு சொல்லி வைக்கலாம். தாவல் திரும்ப வரும், நோட்டீஸ் வராது.

கையால் செய்ய ஆல்ட், சிஸ்ஆர்க்யூ (ப்ரிண்ட் ஸ்க்ரீன் விசை), எஃப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் ஓஓஎம் கில்லரை நாமே அழைக்கலாம். மின்ட்டும் சேர்ந்த உபுண்டு குடும்பத்தில் அந்த எஃப் இயல்பாக வேலை செய்யாது. கெர்னல்.சிஸ்ஆர்க்யூ மதிப்பு 176, அதில் நிரலைக் கொல்லும் 64 சேரவில்லை. 240 ஆக்கிக்கொள்ளுங்கள்.

பெகு_அச்சகம்

எர்லிஊம் போட்டாச்சு, 240 ஆக்கியாச்சு, ஹைபர்னேட் இரண்டு தடவை சரியா திரும்பி வந்தது. கடைசியா ஒண்ணு: காசு ஒரு தடவைதான் செலவழிக்க முடியும்னா ரேமா, எஸ்எஸ்டியா? ஸ்வாப் வைச்சா எஸ்எஸ்டி சீக்கிரம் தேயும்ங்கிறாங்க.

பசுண்டான்

தேய்மானக் கணக்கு: 250 ஜிபி எஸ்எஸ்டியில் 150 டிபிடபிள்யூன்னு (மொத்தம் எழுதக்கூடிய டெராபைட்) போட்டிருந்தா, நாளைக்கு 5 ஜிபி ஸ்வாப் எழுதினாலும் 30,000 நாள். உள்ளுக்குள்ள அது மூணு மடங்கு எழுதுதுன்னு வைச்சாலும் 27 வருஷம். கணினி அதுக்கு முன்னால இரும்புக் கடைக்குப் போயிரும். உங்க எஸ்ஐ இப்ப 0 பக்கம்தான் நிற்குது, அதாவது வொர்க்கிங் செட் அடங்கிருச்சு. அதனால எஸ்எஸ்டி வாங்குங்க, பூட், கிம்ப் திறக்கிறது, ஹைபர்னேட் எல்லாமே வேகமாகும். எஸ்ஐ மறுபடி நூற்றுக்கணக்குல ஓட ஆரம்பிச்சா அப்ப ரேம். டிடிஆர்3 பழைய சாமான்ல கிடைக்கும், ஆனா வாங்கும்போது 1.5 வோல்ட்டா 1.35ஆ, போர்டு எதை ஏத்துக்கும்னு பார்த்துக்கங்க. போட்டதும் ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட விடுங்க.

எஸ்எஸ்டிக்கு மாத்தும்போது ஸ்வாப் கோப்பு இடம் மாறும். ரெஸ்யூம் ஆஃப்செட்டை மறுபடி எடுக்கணும், மறந்துராதீங்க.